பலூனுக்கு நாலு ரூபாய்

பதினெட்டாம் இதழ் வரை ஐம்படைக்குப் பாதங்கள் இருந்தன.
தரையில் ஊன்றி, இடுப்பில் கைவைத்து
ஏதோ கடற்கரை நகரத்து மொட்டைமாடியில்
தேர்தல் சுவரொட்டிபோல நின்றார்கள் ஐந்து பேரும்.
ஆளுக்கொரு சபதம். சபதத்துக்கொரு பலூன்.
நான் எழுத்துப் போடுகிறவன்.
பலூனுக்கு நாலு ரூபாய்.

பத்தொன்பதில் யோகராணி வந்தாள்.
கோத்தகிரிப் பக்கம் லைன் வீட்டுப் பெண்,
பெற்றோர் மண்டபம் முகாம் வழியாக மலையேறியவர்கள்.
குன்னூர் பெட்போர்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு சாய்மேசை.
முதல் பக்கத்தைப் பிரித்தேன். பாதிக் காகிதம் வெறுமை.
"முடிக்காமல் கொடுக்கிறாயே?"
"பனி" என்றாள்.
அதற்குள் முழங்காலுக்குக் கீழே
யாருக்கும் எதுவுமில்லை.

பறக்கிறவன் பறந்தான்,
சில்வர் ஓக்கில் மோதி நெற்றி வீங்கினான்.
கதை எழுதுகிறவர் கோவையிலிருந்து போனில் கத்தினார்:
என் கதையில் மரமே கிடையாதே!
அடுத்த மாதம் அவரே உட்கார்ந்து
வீக்கத்துக்குக் காரணம் எழுதினார்.
அப்படித்தான் ஆரம்பித்தது.
இவள் ஒரு கோடு இழுப்பாள்,
அவர் நாலு பக்கம் பின்னால் ஓடுவார்.

இரும்பனுக்கு முதுகு வளைந்தது,
பல வருடம் மூட்டை சுமந்தவனுக்கு வளைகிற மாதிரி.
அதுவரை இடுப்பும் கூந்தலுமாக மட்டுமே இருந்த மின்மினிக்குக்
கொழுந்து பறிப்பவளின் கெண்டைக்கால் வந்தது,
அட்டை கடித்த தழும்போடு.
கவசத்துக்கு மேல் ஸ்வெட்டர்.
உலகைக் காப்பவர்களுக்குக் குளிருமா என்று
பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்.
அடுத்த இதழில் ஐவருக்கும் சளி.

நஷ்டம் எனக்குத்தான்.
பேச வேண்டிய இடத்தில்
அவர்கள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.
பக்கத்துக்கு ஒன்பது பலூன் ஐந்தாகி, இரண்டாகி...
"வாடகையை எப்படிக் கட்டுவேன்?" என்று கேட்டேன்.
தலை நிமிராமல்
கூட்டத்தில் ஓர் ஆட்டோக்காரனைச் சேர்த்தாள்,
அவன் வாயருகே ஒரு பலூனை ஊதினாள்.
"இந்தா, நாலு ரூபாய்."

முப்பத்தொன்றாம் இதழ். மண்சரிவு.
கதையில் இருந்தது இது:
இரும்பன் மலையைத் தூக்குகிறான், முழுப் பக்கம்.
பலூன்: 'விலகுங்கள், மக்களே!'
அவள் தூக்கவிடவில்லை.
பதினாறு பக்கமும் ஒரே வரிசை,
பஸ் ஸ்டாப்பிலிருந்து புதைந்த லைன் வரைக்கும்
மண்சட்டி கைமாறிக்கொண்டே போகிறது.
யார் ஐம்படை, யார் ஊர்க்காரர் என்று
விரல் வைத்து எண்ணினேன்.
நாலு பேர் அகப்பட்டார்கள்.
ஐந்தாவது ஆள் எவர் என்பதில்
இன்றைக்கும் அவளோடு சண்டை.

கடைசிக் கட்டத்தில் ஒரு பலூன்,
சுண்டுவிரல் நகம் அளவு.
உள்ளே போட கதையில் வசனம் இல்லை.
"நீயே போடு" என்று கிளம்பிவிட்டாள்.
இரவு இரண்டு மணி வரை
பென்சிலில் எழுதி எழுதி அழித்ததில்
காகிதம் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது.
மையில் எழுதியது: 'அடுத்த சட்டி.'

சிவகாசியில் சண்முகக்கனி அண்ணாச்சி
அந்த இதழைச் சுருட்டி மேசையில் அடித்ததாகக் கேள்வி.
மறுபதிப்புப் போட்டதும் அவர்தான்.

நாற்பத்து நாலோடு அவள் பெங்களூர் போனாள்,
வீடியோ கேம் கம்பெனி, நல்ல சம்பளம்.
இப்போது வரைகிற பையனுக்குச் சேலம்.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவன்.
மொட்டைமாடியைத் திரும்பக் கொண்டுவந்தான்,
கைகளை இடுப்புக்கு.
சபதங்கள் வந்தன. என் வாடகையும்.

நேற்று வந்த பக்கத்தில்
கடலோரம், உச்சி வெயில்.
இரும்பன் நிமிரவில்லை.
நிமிர்த்தினால் வேறு ஆள் மாதிரி தெரியுது என்கிறான் பையன்.
பாதங்களைத் தேடினேன்.
கட்டத்தின் கீழ்க்கோடு
ஐவரையும் முழங்காலில் வெட்டியிருந்தது.
"இடம் பத்தல அண்ணே."

மேலே அரைப் பக்கம் வானம் காலியாகக் கிடந்தது.
அதில் எனக்கு ஆறு பலூன்.